ஒட்டுப் போட்ட தொட்டி!

“ஒழுகுது, முதலாளி!”

“ஒட்டுப் போடு!”

“போன வருசமும் ஒட்டுதானே போட்டோம்?”

“இந்த வருசமும் போடு!”

மீன்பிடித் தடைக்காலத்திலே ஒருநாள், பாக் நீரிணைக் கரையிலே உள்ள ஓர் ஊரிலே, நம் செவியிலே விழுந்த உரையாடல் இது. பொதுக்கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். கூட்டம் மாலையிலே, நாம் போய்ச் சேர்ந்ததோ முற்பகலிலே. மேடையேறி மீனவர் வாழ்வைப் பேசப் போகிறவர்கள், மீனவர் நிற்கும் மணலிலே ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டாமா? நடந்தோம். கரையேற்றிய படகுகள் வரிசையாய் நின்றன. ஒரு பக்கம் பலகை இழைக்கும் ஓசை. மறுபக்கம் புதுச் சாயத்தின் வாடை. வரிசையின் கடைக்கோடியிலே ஒரு பழைய சிறு விசைப்படகு. மரப்படகு. தளப்பலகை இரண்டைப் பெயர்த்து, நான்கு தோழர்கள் மூச்சுப் பிடித்து, அதன் டீசல் தொட்டியை வெளியே தூக்கி மணலிலே கவிழ்த்திருந்தார்கள். தொட்டியின் அடியிலே ஏற்கெனவே மூன்று ஒட்டுகள். மூன்றாவது ஒட்டின் ஓரத்திலே ஈரம்.

நான்காவது ஒட்டுக்காக வெல்டிங் பட்டறையிலிருந்து ஓர் இளைஞனை அழைத்து வந்திருந்தார்கள். இருபது வயதிருக்கும். தொட்டியின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனான், முகத்தைச் சுளித்தான், சொன்னான்:

“எண்ணெய் வாடை அடிக்குது. நெருப்பு வைக்க மாட்டேன்.”

முதலாளி சிரித்தார். “டீசல்தானேடா தம்பி! பெட்ரோலா என்ன?”

தோழர்களே! அந்தச் சிரிப்பிலே ஓர் உயிர் தொங்கிற்று. அந்த நான்காவது ஒட்டைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

*

“நாட்டிலே பேச எத்தனையோ இருக்க, படகுத் தொட்டியா பொருள்?” என்று பட்டணத்துப் பண்டிதர் சிலர் கேட்பர். கேட்கட்டும். உப்பைப் பற்றியும் கைத்தறியைப் பற்றியும் பேசித்தான் நாட்டிலே அரசியல் வளர்ந்தது. உழைப்பவன் கையிலே இருக்கும் கருவியைப் பற்றிப் பேசாத அரசியல், ஊர்வலத்துக்கு உதவும், உலைக்கு உதவாது.

பாய் விரித்துக் கடல் சென்ற காலத்திலே இந்தத் தொல்லை இல்லை. காற்றைத் தொட்டியிலே அடைக்க வேண்டியதில்லை. காற்றுக்கு ஓட்டை விழுவதில்லை. 1950களிலே தமிழகக் கரைக்கு இயந்திரப் படகு வந்தது. தோள் வலி குறைந்தது, தூரம் சுருங்கிற்று, வலை கனத்தது. வரவேற்கத்தக்க மாறுதல்! ஆனால் அன்று முதல், கடலாடியின் உயிர் காற்றின் கையிலிருந்து எண்ணெயின் கைக்கு மாறிற்று. எண்ணெய் இருக்கும் இடம் தொட்டி. எஞ்சினுக்கு மாலை போடுகிறோம்; வலைக்கு வட்டி கட்டுகிறோம்; தொட்டியை மட்டும் தளத்துக்கு அடியிலே இருட்டிலே தள்ளி மறந்துவிடுகிறோம். கண்ணிலே படாத உழைப்பாளிக்கு நேரும் கதிதான், கண்ணிலே படாத கருவிக்கும்!

தொட்டி ஒழுகினால் யாருக்கு நட்டம்? முதலாளிக்குத்தானே என்று எண்ணுகிறீர்களா? கணக்கைப் பாருங்கள். பங்குமுறை உள்ள துறைகளிலே என்ன வழக்கம்? மீன் விற்ற பணத்திலிருந்து முதலிலே செலவைக் கழிப்பார்கள். டீசல் செலவு, ஐஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு — எல்லாம் போக மிஞ்சியதைத்தான் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். ஆகவே, எஞ்சின் எரித்த எண்ணெயும் பொதுச் செலவு. தொட்டி ஒழுகவிட்ட எண்ணெயும் பொதுச் செலவு! புதுத் தொட்டி வாங்குவதோ முதலாளியின் சொந்தச் செலவு.

விளங்குகிறதா சூட்சுமம்? தொட்டி முதலாளியின் சொத்து. ஒழுகும் எண்ணெய் தொழிலாளியின் கூலி. ஒட்டுப் போட்டால் முதலாளிக்கு மிச்சம். ஒட்டு விட்டால் தொழிலாளிக்கு நட்டம். ஒட்டு ஏன் ஆண்டுதோறும் தொடர்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

“ஒரு சொட்டுத்தானே!” என்பார்கள். அந்த ஒரு சொட்டையும் எண்ணிப் பார்ப்போம். நொடிக்கு ஒரு சொட்டு. ஒரு நாளுக்கு 86,400 நொடி. மில்லிலிட்டருக்கு 30 சொட்டு என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர். தடைக்காலம் 61 நாள் போக, மிச்சமுள்ள 304 நாளிலே ஏறத்தாழ 875 லிட்டர்! 2023 ஆகஸ்டு 18 அன்று மண்டபத்திலே நடந்த மீனவர் மாநாட்டிலே, விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசல் 19,000 லிட்டராக உயரும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். கூடியது ஆயிரம் லிட்டர். மீனவர் சங்கங்கள் மனுவுக்கு மேல் மனுப் போட்டுப் பெற்ற ஆயிரம்! அதிலே 875 லிட்டரை ஒரு சொட்டு ஓட்டை, ஓசைப்படாமல் ஓராண்டிலே குடித்துவிடும். கோட்டையிலே வென்றதைக் குப்பைத் தொட்டியிலே கொட்டுவதா?

*

காசு போவது ஒருபுறம். கடலிலே நடப்பது மறுபுறம்.

தொட்டி எப்படி அழுகுகிறது தெரியுமா? வெளியிலிருந்து மட்டுமல்ல, உள்ளிருந்து! பகலிலே சூடு, இரவிலே குளிர். பாதி காலியான தொட்டிக்குள்ளே உள்ள ஈரக்காற்று குளிர்ந்து, தகட்டிலே நீர்த்துளியாய்ப் படிகிறது. மேல்மூடி தளர்ந்திருந்தால் அலைத்தெறிப்பும் உள்ளே புகும். டீசலைவிட நீர் கனமானது. அது அடியிலே போய்த் தங்கும். எண்ணெயும் நீரும் கூடும் எல்லையிலே நுண்ணுயிர்கள் குடியேறும். கரிய வழுவழுப்பான கசடு கட்டும். அவை கக்கும் அமிலம் இரும்பைத் தின்னும். மேலே பார்த்தால் பளபளப்பு. அடியிலே பார்த்தால் அரிப்பு. அடித்தகடு அப்பளமாகிறது.

அந்தத் துருவும் கசடும் சும்மா கிடக்குமா? கடல் அமைதியாய் இருக்கும்வரை கிடக்கும். காற்று எழும், படகு குலுங்கும், அடியிலே படிந்தது கலங்கும், குழாய் வழியே கிளம்பிப் போய் ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் இருமும், திணறும், நிற்கும். எப்போது நிற்கும்? கரையிலே கட்டிக்கிடக்கும்போது நிற்காது. எஞ்சின் மிகவும் வேண்டியிருக்கும் அந்தக் கொந்தளிப்பிலேதான் நிற்கும்!

நின்றது பாக் நீரிணையிலே என்றால்? அங்கே நீருக்கு மேலே கோடு இல்லை. ஆனால் ஏட்டிலே கோடு உண்டு. 1974 ஒப்பந்தமும் 1976 ஒப்பந்தமும் கிழித்த கோடு. கச்சத்தீவை விட்டுக்கொடுத்ததை எதிர்த்து 1974 ஆகஸ்டிலே தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, தில்லி செவிசாய்க்கவில்லை. அந்த வரலாறு ஒருபுறம் இருக்கட்டும். எஞ்சின் செத்த படகை நீரோட்டம் இழுத்துச் செல்லும்போது, அது கோட்டைக் கேட்டுக்கொண்டா போகும்? துரத்தி வரும் ரோந்துக் கப்பலிடம், “ஐயா, ஃபில்டர் அடைத்துக்கொண்டது” என்று சொன்னால் நம்புவார்களா? 2018இலே இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி, அயல்நாட்டுப் படகுகளுக்குத் தண்டத்தைக் கடுமையாக உயர்த்திற்று. படகு போகும், ஆள் சிறையிலே இருப்பான், வீட்டிலே அடுப்பு அணையும்.

எல்லா எல்லை தாண்டலுக்கும் தொட்டியே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. மீன் தேடித் தாண்டுவோரும் உண்டு, மறைப்பானேன்? ஆனால், தாண்ட நினைக்காதவனையும் தாண்ட வைக்கும் ஒரு துருத்துண்டு நம் படகிலேயே இருக்கிறது என்றால், அதை நாமே வளர்ப்பது எந்த விதத்திலே அறிவுடைமை?

ஒழுகிய டீசல் எங்கே போகிறது? படகின் அடிவயிற்றிலே தேங்குகிறது. அங்கே எஞ்சினின் கொதிக்கும் புகைக்குழாய். தெறித்த எண்ணெய் அதன்மேலே பட்டால் தீ! நாலாபுறமும் நீர் இருந்தும் நெருப்பிலே வேகும் கொடுமை கடலிலே மட்டும்தான் உண்டு.

*

இனி, முதலாளியின் கேள்விக்கு வருவோம். “டீசல்தானே! பெட்ரோலா என்ன?”

உண்மை, டீசல் சாதாரண வெயிலிலே பெட்ரோலைப்போல் ஆவி கக்காது. ஆனால் வெல்டிங் சுடர் சாதாரண வெயிலா? இரும்பையே உருக்கும் சூடு! தகட்டின் உட்புறத்திலே, மூட்டிலே, மடிப்பிலே, துருவின் அடியிலே ஒட்டிக்கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அந்தச் சூட்டிலே ஆவியாகிறது. ஆவியோடு காற்று கலக்கிறது. கலந்தது மூடிய தொட்டிக்குள்ளே. பக்கத்திலே பொறி. பிறகு என்ன? தொட்டி, தொட்டியாக இராது; வெடிகுண்டாகும்!

நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டியே பொல்லாதது என்பதைத் தோழர்கள் மனத்திலே பதிய வைக்க வேண்டும். நிறைந்ததிலே காற்றுக்கு இடமில்லை. காலியானதிலே காற்றும் உண்டு, ஆவியும் உண்டு. “சோப்புப் போட்டுக் கழுவிவிட்டோம்” என்பார்கள். மேல்தகடு கழுவப்பட்டது; மூட்டுக்குள் ஒளிந்தது கழுவப்பட்டதா? “மூன்று தடவை ஒட்டினோம், ஒன்றும் ஆகவில்லை” என்பார்கள். மூன்று தடவை புலி தின்னவில்லை என்பதற்காக நான்காம் தடவையும் அதன் வாயிலே தலையை விடுவதா?

முதலாளிக்கு மிச்சம் சில ஆயிரம். வெல்டிங் தம்பிக்குக் கூலி சில நூறு. நடுவிலே நிற்பது ஓர் உயிர். அந்த இளைஞன் “மாட்டேன்” என்றானே, அது அச்சமல்ல தோழர்களே, அறிவு! கூலிக்கு ஆசைப்பட்டு உயிரை விற்காத தன்மானம். மேடையிலே நாம் சொல்லும் சுயமரியாதைக்கு, மணலிலே அவன் பொருள் சொன்னான்.

*

அப்போது ஒரு முதியவர் முன்வந்தார். நாற்பது ஆண்டு கடல் கண்டவர். “எல்லாரும் ஏன் வாதாடுறீங்க? தொட்டியையே கேட்போம்” என்றார். இரும்புச் சுத்தி ஒருவர் நீட்டினார். “பொறி பறக்கும், வேண்டாம்” என்று தள்ளிவிட்டு, தச்சரிடமிருந்து மரச்சுத்தி வாங்கினார். பக்கத்தகட்டிலே தட்டினார், ‘ணங்’ என்றது. அடித்தகட்டிலே தட்டினார்; ‘டப்’ என்றது. இரண்டாம் முறை தட்டினார். மூன்றாம் முறை — பழைய ஒட்டின் ஓரம் பிய்ந்துகொண்டது. அரையணா அகலத்துக்குத் தகடு உள்ளே உதிர்ந்தது. ஒட்டு உறுதியாகத்தான் இருந்தது! ஒட்டைத் தாங்க வேண்டிய தகடுதான் இல்லை.

யாரும் பேசவில்லை. முதலாளி தொட்டியைப் பார்த்தார், படகைப் பார்த்தார், அணியத்திலே தொங்கிய எலுமிச்சம்பழ மாலையையும் பார்த்தார்.

நாமும் பார்த்தோம். மாலை புதிது, தொட்டி பழையது. ஆண்டுதோறும் பழம் மாறுகிறது, தொட்டி மாறவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கண்டு பேய் ஓடுமோ ஓடாதோ, துரு ஓடாது! நம்பிக்கை உள்ளவர்கள் மாலை கட்டட்டும், மெழுகுவத்தி ஏற்றட்டும். ஆனால் பூசைச் செலவுக்கு முன்னே தொட்டிச் செலவைக் கணக்கிலே எழுதுங்கள் என்பதுதான் நம் வேண்டுகோள்.

“சரி, மாத்தணும். பணத்துக்கு எங்கே போறது?” என்றார் முதலாளி. அந்தக் குரலிலே சிரிப்பு இல்லை.

நேர்மையான கேள்வி. இதற்கும் விடை சொல்லாவிட்டால் நாம் பேசியது வெறும் பேச்சு. ஒரே ஒரு சிறு படகு வைத்திருப்பவர் பேருக்குத்தான் முதலாளி. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். வாங்கியதால் அந்த வியாபாரி வைத்ததே மீனுக்கு விலை. கடலிலே உழைப்பவனை அவர் பிழிகிறார்; கரையிலே அவரை இன்னொருவர் பிழிகிறார். அவரைத் திட்டித் தீர்ப்பதால் தொட்டி புதிதாகாது.

முதலாவது, தொட்டியை வெளியே எடுத்தாயிற்று என்பதே பாதி வெற்றி. தளத்தைப் பெயர்ப்பதும், குழாயைக் கழற்றுவதும், தூக்குவதும், திரும்பப் பூட்டுவதும் பெரும்பாடு. அந்தப் பாட்டைப் பட்ட பிறகு அதே அழுகலை உள்ளே வைத்தால், அடுத்த ஆண்டும் அதே பாடு. மூன்று ஒட்டுக்கு ஆன கூலி, ஒழுகிய எண்ணெய், கெட்டுப்போன பயணங்கள் — கூட்டிப் பாருங்கள், புதுத் தொட்டியை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், கையிலே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்!

இரண்டாவது, பத்துப் படகுக்காரர் சேர்ந்து ஒரே பட்டறையிலே பத்துத் தொட்டி சொன்னால் விலை இறங்கும். கூட்டுறவுச் சங்கம் எதற்கு இருக்கிறது? தேர்தலிலே தலைவர் ஆவதற்கு மட்டுமா? தடைக்காலத்துக்கு முன்பே தொட்டிக்கென்று சிறுகடன் கொடுத்து, மீன் பணத்திலே தவணையாய்ப் பிடிக்கட்டும்.

மூன்றாவது, தடைக்காலத்திலே மீன்வளத்துறை படகுகளை ஆய்வு செய்கிறது. பதிவெண்ணைப் பார்க்கிறார்கள்; நீளத்தை அளக்கிறார்கள்; எஞ்சின் திறனைக் குறிக்கிறார்கள். அதோடு, தொட்டியின் அடியையும் பாருங்கள் என்கிறோம். எண்ணெய்க்கு வரிவிலக்கு தரும் அரசு, எண்ணெய் தங்கும் பாத்திரத்துக்கும் ஒரு கை கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம். அரசை வாழ்த்த மட்டும் வேண்டுமா? உரிமையோடு கேட்கவும் வேண்டும்.

நான்காவது, தொழிலாளத் தோழர்களுக்கு. பங்கு பேசும்போதே தொட்டியைப் பற்றியும் பேசுங்கள். ஒழுகும் தொட்டியிலே போன எண்ணெயைப் பொதுச் செலவிலே எழுத ஒப்பாதீர்கள். அன்றைக்கே புதுத் தொட்டி வரும்!

*

புதுத் தொட்டி என்றதும் கண்டதை வாங்கிவிடவும் கூடாது. துத்தநாகம் பூசிய தகடு துருப்பிடிக்காது என்று ஆசை காட்டுவார்கள்; டீசலோடு துத்தநாகம் சேர்ந்து கசடு உண்டாகும், ஆகவே வேண்டாம். செப்புப் பொருத்துகளும் டீசலுக்கு ஆகாது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வந்து வைப்பது விபரீதம். நல்ல இரும்புத் தகடோ, கடலுக்கு ஏற்ற அலுமினியமோ, துருவேறா எஃகோ — கைக்கு எட்டியதைச் செய்யுங்கள். இரும்பானால் வெளிப்புறம் நன்றாய்ச் சாயம் வேண்டும். உட்புறம் வேண்டாம், எண்ணெயே காப்பு.

உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கட்டும். 200 லிட்டர் டீசல் என்பது ஏறத்தாழ 170 கிலோ கனம். அது ஒரேயடியாய்ப் பக்கம் மாறிப் புரண்டால் சிறுபடகு தள்ளாடும். அடியிலே ஒரு பள்ளம், அதிலே வடிகால் இருந்தால், தேங்கும் நீரை அவ்வப்போது எடுத்துவிடலாம். காற்றுக்குழாயின் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும், வலைக்கம்பி பொருத்தி. ஈரப்பலகையிலே தொட்டியைப் படுக்க வைக்காதீர்கள். தாங்கிக்கட்டை மேலே, அடியிலே காற்றோடும்படி வையுங்கள். பூட்டும் முன்னே, சைக்கிள் டியூப்புக்கு ஏற்றுவதைவிட மிகக் குறைந்த காற்றை ஏற்றி, மூட்டெல்லாம் சோப்புநீர் தடவுங்கள். குமிழி வந்தால் பட்டறைக்கே திருப்புங்கள்.

தளத்து வாயில் சிறிது, பெரிய தொட்டி நுழையாது என்றால்? எஞ்சினைத் தூக்க வேண்டாம். ஒன்றுக்கு இரண்டாய்ச் சிறு தொட்டி வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனி வால்வு. எஞ்சின் குடித்து மிஞ்சித் திரும்பும் எண்ணெய், எந்தத் தொட்டியிலிருந்து வந்ததோ அதற்கே போகட்டும். ஒன்றிலே நீர் புகுந்தாலும் மற்றொன்று கரை சேர்க்கும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியிலே குவித்தால், அங்கே ஓட்டை விழுந்த அன்று படகு முழுவதும் பட்டினி! 1969இலே இராசமன்னார் குழு அமைத்தது முதல் மாநில சுயாட்சிக்கு நாம் சொல்லிவரும் நியாயம் இதுவேதான். தில்லிக்கு விளங்காதது, படகுத் தச்சருக்கு உடனே விளங்கிற்று.

*

அன்று மாலை மேடையிலே, எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துவிட்டு, இந்தத் தொட்டியைப் பற்றியே பேசினோம். முன்வரிசையிலே அந்த முதியவர் இருந்தார். ஓரத்திலே, கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தான் அந்த வெல்டிங் தம்பி. முழுசாய், நலமாய் நின்றான். அந்தக் காட்சிக்கு முன்னே நம் பேச்சு எம்மாத்திரம்?

ஓட்டைத் தொட்டி மணலிலே கிடந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்றார்கள். போகட்டும்! ஆனால் இந்தக் கரை நெடுகிலும், தளத்துக்கு அடியிலே, இருட்டிலே, இன்னும் எத்தனை ஒட்டுகள் ஈரம் கசிந்துகொண்டிருக்கின்றனவோ?

கரையோரக் கிளைத் தோழர்களே! அடுத்த ஏப்ரல் 15 அன்று படகுகள் கரையேறும். கொடியேற்றுவதற்கு முன்னே ஒரு வேலை செய்யுங்கள். மரச்சுத்தியோடு படகு படகாய்ப் போங்கள். தட்டுங்கள், கேளுங்கள். ‘டப்’ என்றால் படகுக்காரரையும் கடலாடியையும் சங்கத்தாரையும் ஒன்றாய் உட்கார வையுங்கள். ஜூன் 14க்குள் புதுத் தொட்டி பூட்டச் செய்யுங்கள்.

அழுகியதற்கு ஒட்டு அல்ல மருந்து, மாற்று!